ராஜாவிடம் பேசாத அண்ணன்

கும்மிடிப்பூண்டிக் கம்பெனியில் பெயின்ட் அடித்துவிட்டுப் பொன்னேரிக்கு ரயிலில் திரும்பும் மொஹசினுக்குப் படம் வரைகிற கை உண்டு. அவன் தங்கை ஷஹனாஸுக்குக் கதை கட்டுகிற வாய் உண்டு. சின்ன வயதிலிருந்தே இரண்டு பேருக்கும் ஜப்பான்காரர்களின் மங்கா படக்கதை என்றால் உயிர். வலமிருந்து இடமாகப் படிப்பது மதரசாவில் அரபி ஓதியே பழகிப்போனதால், மற்றவர்கள் திணறுகிற பக்கங்களை இவர்கள் மளமளவென்று தள்ளிவிடுவார்கள். கடைசியில் தாங்களே ஒன்று தொடங்கினார்கள். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்லுவாள், அவன் பக்கத்தில் உட்கார்ந்து போனில் வரைவான். வாரம் ஒரு பகுதி நெட்டில் வெளிவரும்.

கதை இதுதான். பழவேற்காட்டு ஏரிக்கு வரும் பூநாரைகளில் ஒருத்தி, கரையேறினால் பெண்ணாகிவிடுவாள். பெயர் நூரி. கரையில் விளக்கு ரிப்பேர் செய்கிற ஒருவன்மேல் அவளுக்கு ஆசை. பறவை ராஜா சரியென்று சொன்னால் அவனோடேயே தங்கிவிடலாம். ஆனால் ராஜா நூரியின் அண்ணன் பேச்சைத் தவிர யார் பேச்சையும் கேட்கமாட்டார். கூட்டம் வடக்கே பறப்பதற்குள் அண்ணன் போய்க் கேட்டாக வேண்டும்.

"இந்த வாரமே அண்ணங்காரன் ராஜாகிட்ட பேசிடட்டும்ணே" என்றாள் ஷஹனாஸ் ஒருநாள்.

"இப்பவே பேசிட்டா கத முடிஞ்சிபூடும். படிக்கிறவங்க இப்பதான் சூடு புடிச்சிக்கினு வராங்க. இழுப்போம்."

"அவளுக்கு அவ்ளோ நாளு இல்லண்ணே."

"எழுதறது நாமதானே, நாளக் கூட்டிக்கலாம்" என்று சிரித்தான் அந்த மகானுபாவன்.

அவள் குனிந்து வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிப்பட்டிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அவர்களைப் பெற்ற அத்தா அப்துல் கனி முதல்நாள்தான் சொல்லியிருந்தார். இவன் மண்டையில் அது ஏறவேயில்லை. கதையில் அண்ணனை ராஜாவின் வாசல்வரை அனுப்பினான், திருப்பி அழைத்தான், மழையில் நனையவிட்டான், மறுபடி அனுப்பினான். அதற்குள் ஷஹனாஸுக்கு நிக்காஹ் முடிந்தது. பள்ளிப்பட்டுக்குப் போய்விட்டாள்.

போன் கண்ணாடி கீறல் விட்டது என்று அப்புறம் ஒருநாள் பஜாரில் தாஹாவின் மொபைல் ரிப்பேர் கடைக்குப் போனான் மொஹசின். தாஹா தலை நிமிராமல் கேட்டான்.

"அந்த அண்ணங்காரன் கடசிவரிக்கும் பேசவேயில்லியா பாய்? இந்த வாரம் பேசிடுவாரு, இந்த வாரம் பேசிடுவாருன்னு அவங்க சொல்லிக்கினே இருந்தாங்க."

"யாரு?"

 தாஹா போனைத் துடைத்து நீட்டினான், காசு வாங்கிக்கொள்ளவில்லை.

அங்கேயே மொஹசினுக்கு விளக்கு ரிப்பேர்காரன் யார், ராஜா யார், எல்லாம் விளங்கிவிட்டது. இப்போது விளங்கி என்ன பிரயோஜனம்? நேராகச் சொல்ல அவளுக்கு வெட்கம். கதையில் சொன்னால் கூடப்பிறந்தவனுக்குப் புரியாமலா போகும் என்று நம்பியிருக்கிறாள், பாவம்.

வீட்டுக்கு வந்ததும் அத்தாவிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டான். "அத்தா, மொபைல் கடை தாஹாவுக்கு நம்ம ஷஹனாஸ நான் கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்பீங்க?"

"தங்கமான புள்ளையாச்சே" என்றார் அவர், டீயை ஆற்றிக்கொண்டே. "நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இன்னா வேணாம்னா சொல்லப்போறேன்? பொண்ண அவ்ளோ தூரம் அனுப்பணும்னு எனக்கு இன்னா ஆசையா?"

மொஹசினுக்கு ஓவென்று அழவேண்டும்போல இருந்தது.

வெள்ளிக்கிழமை ஷஹனாஸ் போன் செய்தாள். மாமியார் நல்லவர், ஊரில் வெயில்தான் ஜாஸ்தி என்றாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "அண்ணன் ராஜாகிட்ட பேசினானாண்ணே?"

"பேசினாம்மா."

"ராஜா இன்னா சொன்னாரு?"

கூடத்தில் அத்தா தொழுகைக்குத் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார். மொஹசின் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஒத்துக்கல. எவ்ளோ சொல்லியும் ஒத்துக்கவேயில்ல."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்து அடங்கியது.

"அப்போ சரிண்ணே. அண்ணன்மேல தப்பில்ல. அப்பிடியே வரைஞ்சிடு."

அப்படியே வரைந்து போட்டான். படித்தவர்கள் எல்லாரும் ராஜாவைக் கன்னாபின்னாவென்று திட்டினார்கள். அண்ணனை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.