வீட்டுக்கு மூன்று பெயர்

பிள்ளைகளா, பள்ளிக்கூடத்தில் போர்வீரர் படத்துக்குப் பூப் போட்டதைப் பெருமையாகச் சொன்னீர்கள். நல்ல காரியம்தான். அதோடு, நான் ஒருநாள் பார்த்த ஒரு அம்மாவைப் பற்றியும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கார்கில் சண்டை நடந்த வருடம். நான் நாகல் நகரில் சைக்கிள் கடையில் வேலை பார்த்தேன். எட்டாவதோடு நின்றவன் என்றாலும் என் கையெழுத்து குண்டு குண்டாக, தெளிவாக இருக்கும். அதனால் நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, கல்லறைத் தோட்டத்து வாசலில் மேசை போட்டு என்னை உட்கார வைப்பார்கள். வருகிறவர்கள் இறந்தவர் பெயரைச் சொல்வார்கள், நான் எழுதுவேன், பூசையில் சாமியார் வாசிப்பார். வீட்டுக்கு மூன்று பெயர்தான். இல்லாவிட்டால் பூசை பொழுதுக்கும் நீளும். அந்த வருடம் சண்டையில் இறந்த சிப்பாய்களை முதல் வரியில் நானே சிவப்பு மையில் எழுதியிருந்தேன்.

வரிசையில் ஒரு அம்மா வந்தார். இலங்கையிலிருந்து வந்து அகதி முகாமில் இருப்பவர்.

"தம்பி, எங்கட ஆக்களின்ர பேரும் எழுதுவீங்களோ?"

"சொல்லுங்கம்மா, எத்தன பேரு?"

"ஒன்பது. கோயிலுக்குள்ள ஒதுங்கி இருக்கேக்க ஷெல் விழுந்தது."

"வீட்டுக்கு மூணு பேருதாம்மா."

பின்னால் நின்றவருக்குப் பொறுமையில்லை. "ஏலே, ஒம்பது எழுதுனா நானும் எங்க பாட்டனுக்குப் பாட்டன் வரைக்கும் சொல்லுவேன், பாத்துக்க."

சிலர் சிரித்தார்கள். அந்த அம்மா திரும்பி, "வயசு போய்ச் செத்தவரோ ஐயா?" என்று கேட்டார்.

"ஆமா, தொண்ணூறு."

"குடுத்து வச்சவர்."

பின்னால் நின்றவர் ஓரடி விலகி அந்த அம்மாவுக்கு இடம் விட்டார்.

"ஒங்க வீட்டு ஆளுக பேர மட்டும் சொல்லுங்கம்மா," என்றேன். அவர் ஒரு கிழவியின் பெயரையும், மீன் விற்ற ஒருவரின் பெயரையும் சொன்னார். "மூண்டாவதுக்குப் பேர் வைக்கேல்ல. பிறந்து பதினொரு நாள். பெண் குழந்தை எண்டு எழுதுங்கோ."

"இவுகள்லாம் ஒங்களுக்கு என்ன வேணும்?"

"அயல் சனங்கள்."

"ஒங்க வீட்ல யாரும்...?"

"அவரும் மகளும் அந்த ஒன்பதுக்குள்ளதான். அவையை நினைக்க நான் இருக்கிறன். இந்த மூண்டு வீட்டிலயும் ஒருத்தரும் மிச்சமில்லை, தம்பி."

ஒன்பதையும் நான் எழுதியிருக்கலாம். வரிசை நீண்டு நின்றது. அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

பூசையில் சிப்பாய்களுக்காக வாசித்தபோது, அந்த அம்மா மற்ற எல்லாரையும் விடச் சத்தமாகப் பதில் ஜெபம் சொன்னார். பெயரில்லாத குழந்தை வந்ததும் சாமியார் நிறுத்தினார். தவறாகப் படித்துவிட்டோமோ என்று தாளை உற்றுப் பார்த்தார். பிறகு, "பெண் குழந்தை, பதினொரு நாள்," என்று மறுபடியும் நிதானமாக வாசித்தார். அந்த அம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

துணிச்சலைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு இன்றைக்கும் அவர் முகம்தான் நினைவுக்கு வருகிறது. சொந்தக்காரரை விட்டுக்கொடுத்து ஊராரின் பெயரைச் சொல்ல எனக்கு மனம் வந்திருக்காது.

கூட்டம் கலைந்ததும் அவரைத் தேடிப் போனேன். பஸ் ஏறிப் போய்விட்டார். நான் திரும்பி வந்து, மேசையை மடக்குவதற்கு முன்னால், தாளின் அடியில் எழுதினேன்: 'அந்த அம்மாவின் கணவர், மகள், இன்னும் நான்கு பேர்.' தோட்டத்தில் யாரும் இல்லை. எழுந்து நின்று அதைச் சத்தமாக ஒருமுறை வாசித்தேன்.