கடைசி ஸ்டாப் எங்கள் வீடு

அக்காவுக்குத் தசை நோய் என்று தெரிந்த மாதம்தான் அத்தானுக்குப் பெரிய விமான நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. கண்டம் விட்டுக் கண்டம் போகிற வேலை. போனால் வாரக்கணக்கில் ஓட்டல் அறைதான். அவர் போகவில்லை. பக்கத்து ஊர்களுக்குப் போய்வரும் சின்ன நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். இறக்கைக்கு ஒன்றாக விசிறி வைத்த விமானம். விடியலில் கிளம்பி, நாலைந்து ஊர் ஏறி இறங்கி, பொழுது சாய வீட்டுக்கு வந்துவிடலாம்.

"ஏன்டா, நீ பிளேன் ஓட்டுறியா, டவுன் பஸ் ஓட்டுறியா?" என்று கூடப் பயின்ற நண்பர் ஒருவர் கேட்டார்.

"டவுன் பஸ்தான். கடைசி ஸ்டாப் எங்க வீடு."

அங்கே கேப்டன் ஆகிறவர்களை முதலில் தூரத்து ஊருக்கு மாற்றிவிடுவார்கள். முறை வரும்போதெல்லாம் அத்தான் வேண்டாம் என்றார். அவருக்குப் பின்னால் சேர்ந்த பிள்ளைகள் கேப்டனின் இடது இருக்கைக்குப் போனார்கள். இவர் துணை விமானியாக வலது இருக்கையிலேயே தங்கிவிட்டார்.

"சார், உங்களுக்கு ஆர்டர் போட எனக்கே ஒரு மாதிரி இருக்கு," என்றானாம் ஒருவன்.

"போடுங்க கேப்டன். வீட்ல வாங்குற ஆர்டருக்கு இது எவ்வளவோ தேவலை."

அக்காவின் கை கால்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. பிறகு மூச்சு. தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து மூச்சு இயந்திரத்தில் இணைத்தார்கள். குழாயில் சளி அடைத்தால் உடனே உறிஞ்சி எடுக்க வேண்டும். யாராவது எந்நேரமும் பக்கத்தில் இருந்தாக வேண்டும். பகலில் ஒரு நர்ஸ் பெண், மாலையில் அத்தான், அவர் தூங்க வேண்டுமே என்று இரவில், வேலை முடிந்து வரும் தங்கை நான். மேகம் கறுத்தால் அத்தானின் முகம் செத்துவிடும். விமானத்தை நினைத்து அல்ல. வேறு ஊரில் இறக்கிவிட்டால் என்ன செய்வது என்று.

அவருடைய விமானம் எங்கள் மொட்டைமாடிக்கு மேல்தான் தாழ்ந்து வரும். சத்தம் கேட்டதும் அக்கா, "வந்துட்டார், நீ கிளம்பு," என்று நர்ஸை அனுப்பிவிடுவாள். அந்தப் பெண்ணின் குழந்தை காப்பகத்தில் காத்திருக்கும். அத்தான் வந்துசேரும்வரை அந்தக் கொஞ்ச நேரம் அக்கா தனியாக இருப்பாள். வேண்டாம் என்று நாங்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்தோம்.

"எங்க வீட்டுக்காரர் ஓட்டினா சத்தமே தனி," என்பாள், குழாயை மீறிய கரகரப்பில்.

"எல்லா விசிறியும் ஒரே சத்தம்தான்டி. பெருமையைப் பாரு!" என்பார் அத்தான்.

அன்று ஒரு மலையூரில் கிளம்பும் முன், விமானத்தைச் சுற்றிப் பார்த்த அத்தான், டயர் கிழிந்திருப்பதைக் கண்டார். மாற்றுச் சக்கரம் லாரியில் வர வேண்டும். உடனே நர்ஸுக்குப் போன் செய்தார். "டயர் கிழிஞ்சிருக்கு, லேட்டாகும்மா. நீ போயிடாதே."

அவளும் இருந்தாள். ஆனால் வழக்கமான நேரத்துக்கு வீட்டின் மேல் விசிறிச் சத்தம் கேட்டது. அதே நிறுவனத்தின் வேறொரு விமானம்.

"கேட்டியா? டயர் மாத்திட்டாங்க. புள்ள அழுதுட்டு இருக்கும், போ," என்றாள் அக்கா.

எத்தனையோ வருடமாகத் தப்பாத காது. நர்ஸ் போனாள்.

அத்தான் மறுபடி கூப்பிட்டபோது நர்ஸ் ஸ்கூட்டரில் இருந்தாள், எடுக்கவில்லை. உடனே என்னைக் கூப்பிட்டார். "சின்னவளே, எங்க இருக்கே? வீட்டுக்கு ஓடு."

நான் கதவைத் திறந்தபோது மூச்சு இயந்திரம் கத்திக்கொண்டிருந்தது. அக்காவின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. போனை ஸ்பீக்கரில் போட்டேன். பின்னால் காற்று இரைய, அவர் விமானம் கிளப்பும் முன் சரிபார்ப்புப் பட்டியல் வாசிப்பதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"உள்குழாயைக் கழட்டு. கழட்டிட்டியா? உறிஞ்சு. சளி வருதா?"

"வந்துடுச்சு அத்தான்."

"காத்துப் பையைக் குழாயில மாட்டி அமுக்கு. நெஞ்சு ஏறுதா?"

"ஏறுது. கண்ணைத் திறக்க மாட்டேங்கறா. நாடியே கிடைக்கல."

"சரி. முதல்லேருந்து. உள்குழாயைப் பாரு."

ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து என் கையை விலக்கிய பிறகும், போனில் அவர் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

வாடகைக் காரில் அவர் வந்து இறங்கியபோது விடிந்திருந்தது. தோளில் துணை விமானியின் மூன்று கோடுகள் வைத்த அதே வெள்ளைச் சட்டை. செருப்பு அலமாரியோடு ஒட்டி உட்கார்ந்திருந்த நர்ஸ் பெண் எழக்கூட முடியாமல் அவர் காலைப் பிடித்தாள்.

"நீங்க போகாதேன்னீங்க சார். அக்காதான்... அது உங்க பிளேன்னு..."

அத்தான் குனிந்து அவள் கைகளை எடுத்துவிட்டார். உள்ளே கட்டிலில் கிடத்தியிருந்த அக்காவைப் பார்த்தார்.

"அவ காது தப்பாதும்மா," என்றார். "நான்தான் லேட்டு."