மாலையை அடித்துக் காலை என்று எழுதிய சீட்டு

அந்தச் சீட்டில் மருந்து எதுவும் எழுதப்படவில்லை. மேலே டாக்டரம்மாவின் பெயரும் படிப்பும். அதற்குக் கீழே ‘பார்வை நேரம்: மாலை 5 முதல் 9 வரை’ என்று அச்சிட்டிருந்ததில் ‘மாலை 5’ நீலப் பேனாவால் அடிக்கப்பட்டு, மேலே ‘காலை 8’ என்று எழுதப்பட்டிருக்கிறது. அடியில் இரண்டே வரிகள்: ‘புதன், பெரிய ஆஸ்பத்திரி. சளிப் பரிசோதனை.’ சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக வேலை பார்த்தவன் நான். அச்சில் வந்ததை இப்படி அடித்துத் திருத்துவது என் தொழில். வேறொருவர் கையால் அப்படி நடந்த காகிதம் என்பதாலோ என்னவோ, அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தேதியும் மாதமும் எழுதி ஆண்டை விட்டுவிடுவது டாக்டரம்மாவின் வழக்கம். கிழமை இருந்ததால் பழைய காலண்டர்களைப் புரட்டிப் பார்த்தேன். இரண்டு ஆண்டுகள் பொருந்தின. என் அக்கா மகள் கல்லூரியில் சேர்ந்தது எந்த ஆண்டு என்பதை வைத்து ஒன்றைத் தள்ளினேன். அந்த ஆண்டு, சீட்டு எழுதிய நாளிலிருந்து தீபாவளிக்குச் சரியாக நாற்பத்தொரு நாள் இருந்தது.

அக்கா ஆனைக்குட்டத்தில் குடியிருந்தாள். காலை ஆறரைக்கு வேன் வரும். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. அந்த ஷெட்டில் எல்லாரும் இருமுவார்கள். அலுமினியப் பொடி தொண்டையில் படிந்திருக்கிறது, சீசன் முடிந்தால் இருமலும் போய்விடும் என்று எல்லாரும் நம்பினார்கள். பெரும்பாலும் அது போகவும் செய்தது. அதனால் மூன்று மாதம் நீடித்த இருமலையும் அக்கா சீசன் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டாள். உடம்பு மெலிந்ததற்கும் சாயங்காலக் காய்ச்சலுக்கும்கூட வேலையையே காரணம் சொன்னாள்.

வேன் சிவகாசியில் இறக்கிவிட்டதும், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டாக்டரம்மா மாலையில் நடத்திய கிளினிக்குக்குப் போவாள். அதே டாக்டரம்மா காலையில் அரசு ஆஸ்பத்திரியில் இருப்பார். அங்கே இலவசமாகப் பார்க்கிறவரிடம் இங்கே பணம் கொடுத்துப் பார்க்க அலுமினியப் பொடி படிந்த நகங்களோடு இத்தனை பெண்கள் ஏன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கியதில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை அக்காவுக்குத் துணையாகப் போனபோதுதான் விளங்கியது.

“எம்புட்டு நாளைக்கு இருமல் டானிக்கே வாங்கிக் குடிப்ப? நாளைக்குக் காலைல அங்க வா. சளி எடுத்துப் பாக்கணும். அந்த வசதி இங்க இல்ல. காசும் கிடையாது” என்றார் டாக்டரம்மா.

“காசு கிடையாதுன்னு நீங்க சொல்லுதீக. ஒரு நா கூலிய யாரு தருவா? சீசன்ல லீவு போட்டா போனஸ்லயும் கை வச்சிருவாக. அத நம்பித்தான் மகளக் காலேஜுல சேத்துருக்கேன். இங்கன வந்தா உங்களுக்குக் குடுக்கது கூலில பாதிதான். எனக்கு எது லாபம், நீங்களே சொல்லுங்க.”

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். அக்காவின் ஒரு நாள் கூலி எவ்வளவு என்று கேட்டார். அக்கா சொன்னாள்.

“சரி. இனிமே உனக்கு இங்க பீஸ் அதுதான். முழு நாள் கூலி. இப்ப ரெண்டு இடமும் உனக்கு ஒரே நஷ்டம். எங்க வாரன்னு நீயே முடிவு பண்ணிக்கோ.”

பிறகு பேனாவைத் திறந்து அந்தச் சீட்டை எழுதினார்.

வெளியே வந்ததும் அக்கா வெடித்தாள். “ஏலே, பாத்தியா அவ பேச்ச? கவருமெண்டு சம்பளம் பத்தலயாம், நம்ம கூலிலயும் பங்கு கேக்கா!” டோக்கன் கொடுக்கும் கம்பவுண்டர், “எக்கா, அம்மா யாருகிட்டயும் இப்பிடிக் கேட்டதில்லையே” என்று இழுத்தார். “பெறவு என்னயப் பாத்தா மட்டும் மில்லு மொதலாளி மாரி இருக்காக்கும்?” என்று கேட்டுவிட்டு அக்கா படியிறங்கினாள். பஸ் ஏறியபின் ஜன்னல் வழியாகச் சொன்னாள்: “நாளைக்கு வாரேன். ஒத்தப் பைசா குடுக்காம அவ கையாலயே மருந்து வாங்கலன்னா பாரு.”

மறுநாள் காலை அரசு ஆஸ்பத்திரியில் வரிசை வாசல்வரை நின்றது. அதே டாக்டரம்மா, அதே ஸ்டெதஸ்கோப். அக்காவை இரண்டு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. தெரிந்தவர் என்று காட்டிக்கொள்ளவும் இல்லை. சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுச் சளிப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மாலையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, வீட்டு விஷயம்வரை கேட்டவர் அவர்தான். காலையில் அவரிடம் ஆய்வகம் இருந்தது, நேரம் இல்லை. மாலையில் நேரம் இருந்தது, ஆய்வகம் இல்லை. ஒரே மருத்துவரின் இரண்டு பாதிகளில் எதை வாங்குவது என்று அந்தப் பெண்கள் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அரசு மருத்துவம், தனியார் மருத்துவம் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ கட்டுரைகள் படித்துவிட்டேன். இலவசம் என்பதன் விலையில் நோயாளியின் ஒரு நாளையும் சேர்த்துக்கொள்ளாத கட்டுரையைப் படிக்கும்போதெல்லாம் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுகிறேன்.

பரிசோதனையில் காசநோய் என்று வந்தது. அக்கா முதலில் கேட்டது மகளைப் பற்றி. மகளையும் சோதித்தார்கள்; ஒன்றுமில்லை. ஆறு மாத மாத்திரையும் இலவசம். ஆரம்பத்தில் சில வாரம் வேலைக்குப் போகக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்கா போகவில்லை. ஷெட்டில் பக்கத்தில் உட்காருகிறவர்களை நினைத்துத்தான் போகவில்லை என்று பின்னாளில் சொன்னாள். போனஸ் போயிற்று என்றே நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். தீபாவளிக்கு முந்தைய வாரம் அது முழுதாக வந்தது. போர்மேன் நல்ல மனுசன் என்றாள் அக்கா. நானும் அப்படியே என் டைரியில் எழுதினேன்.

டாக்டரம்மா சில ஆண்டுகளில் மாறுதலாகிப் போனார். கிளினிக் இருந்த இடத்தில் இன்று ஒரு ஸ்கேன் சென்டர். அங்கே போகும் பலர் காப்பீட்டு அட்டையோடு போகிறார்கள். அரசு கட்டும் பணம் தனியாருக்குப் போகிறது. அக்காவின் சர்க்கரை மாத்திரையோ மாதாமாதம் ஆனைக்குட்டத்துக்கே வருகிறது. அவளுக்கு இப்போது வேனும் இல்லை, கூலி போகும் என்ற பயமும் இல்லை. மாத்திரை வீடு தேடி வரும் காலத்தில் அவள் வீட்டில்தான் இருக்கிறாள்.

போன மாதம் பழைய கம்பவுண்டரைப் பார்த்தேன். மெடிக்கல் கடை வைத்திருக்கிறார். பேச்சோடு பேச்சாக, “உங்க அக்கா வேலைக்குப் போகாம இருந்தப்ப அவுகளுக்காக அம்மா ஒரு நாள் மதியம் ஸ்கூட்டர எடுத்துக்கிட்டு அந்தக் கம்பெனி கேட்டு வரைக்கும் போனாகளே, தெரியாதா?” என்றார். உள்ளே யாரிடம் பேசினார், என்ன பேசினார் என்பது கம்பவுண்டருக்குத் தெரியாது. அவர் கூடப் போகவும் இல்லை, கேள்விப்பட்டதுதான். போர்மேன் இறந்துவிட்டார். டாக்டரம்மாவின் கடைசி முகவரிக்கு எழுதிய கடிதம், அந்த முகவரியில் ஆள் இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது.

அக்காவிடம் சொன்னேன். “போயிருப்பாக. போகக்கூடிய ஆளுதான்” என்றாள். அதுவரை ‘அவ’ என்றே சொல்லிவந்தவள். கொஞ்சம் கழித்து, “ஆனா கூலியக் கேட்டது தப்புதாம்லே” என்றாள்.

அக்காவின் நம்பிக்கையை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. டைரியில் ‘போர்மேன் நல்ல மனுசன்’ என்ற வரியை நான் அடிக்கவும் இல்லை, அதன் மேல் வேறெதையும் எழுதவும் இல்லை. அந்தப் பக்கத்தில்தான் சீட்டை வைத்திருக்கிறேன். ‘காலை 8’ என்ற எழுத்தின் நீலம் இன்னும் மங்கவில்லை. டாக்டரம்மா கம்பெனி வாசலுக்குப் போனாரா என்பது இதுவரை உறுதிப்படவில்லை.