ஒற்றைக் கை சிக்ஸர்

வார நாட்களில் அவர் மின்கட்டண அலுவலகத்தின் கவுண்டரில் உட்கார்ந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமையானால் வெள்ளைக் கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு, கம்பெனிகளுக்கு இடையே நடக்கும் கிரிக்கெட் ஆட்டங்களில் அம்பயராக நிற்பார். அவுட் கொடுக்க விரலைத் தூக்கிவிட்டால் அப்புறம் யார் முறையிட்டாலும் நடக்காது. அதனால் மைதானத்தில் எல்லாருக்கும் அவர் ‘விரல் அக்கா’.

அந்த அக்காவுக்கு இடது மார்பில் புற்றுநோய் வந்தது. அறுவைச் சிகிச்சையில் மார்பையும் அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். நோய் வேறெங்கும் பரவவில்லை என்று டாக்டர் சொன்னதும் வீடே பெருமூச்சு விட்டது. கையை மெல்ல மெல்ல அசைத்துப் பழகுங்கள் என்றும் சொல்லித்தான் அனுப்பினார்கள். அந்தப் பேச்சு மட்டும் யார் காதிலும் ஏறவில்லை.

நாத்தனார் வந்து, “அண்ணி, கையைத் தூக்கிடாதீங்க, தையல் பிரிஞ்சிடும்” என்று பயமுறுத்திவிட்டுப் போனாள். அக்காவும் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தவர் போலக் கையை உடம்போடு ஒட்டியே வைத்துக்கொண்டார். புண் ஆறியபோது தோள் இறுகிப்போயிருந்தது. கையைத் தூக்கினால் அக்குளிலிருந்து முழங்கை வரை உள்ளே ஒரு கயிறு இழுத்துப் பிடித்தது. தலை வார முடியவில்லை, மேல் தட்டிலிருந்து ஒரு டப்பா எடுக்க முடியவில்லை.

பிசியோதெரபிஸ்ட் மெல்லிய குரலில் பேசும் இளம்பெண். குரலுக்கும் கையின் பிடிக்கும் சம்பந்தமே இல்லை.

“வலி எப்படி இருக்கு? இழுக்குதா, குத்துதா?”

“இழுத்துக்கிட்டே குத்துது.”

“இழுக்கிற வரைக்கும் போகலாம். குத்தினா நிறுத்திடுங்க. கை வீங்கினா உடனே வந்துடணும்.”

சுவரைப் பார்த்து நின்று விரல்களைச் சிலந்தி போல மேலே நடக்கவிடுவதுதான் தினசரிப் பயிற்சி. மேற்பார்வையைக் கணவர் ஏற்றுக்கொண்டார். அவர் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவர். வீட்டிலும் அவருக்கு வேறு பாஷை தெரியாது.

“மெதுவா ஏத்து. முன்னாடி மேடு வருது, கியரைக் குறை.”

“இது கைங்க. வண்டி இல்ல.”

“ரெண்டுக்கும் பொறுமைதான் வேணும்.”

விரல்கள் தோளுயரத்தை நெருங்கி அக்கா முகம் சுளித்தால், கணவரின் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். ஒரு நாள் வலி பொறுக்காமல் அக்கா சுவரிலேயே நெற்றியைச் சாய்த்து அழுதுவிட்டார். “இனிமே இவ்வளவுதான் போல” என்றார். இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே நின்றார் கணவர்.

கொஞ்ச நாளில் அக்கா மைதானத்துக்குத் திரும்பப் போவதாகச் சொன்னார்.

“கை இன்னும் தோளைத் தாண்டலையே” என்றார் கணவர்.

“அவுட் கொடுக்க வலது கை போதும்.”

சிக்ஸர் காட்ட இரண்டு கையையும் தூக்க வேண்டும் என்பதை இருவருமே யோசிக்கவில்லை.

கூரியர் கம்பெனிக்கும் பேங்குக்கும் ஆட்டம். கூரியர்காரர் ஒருவர் அடித்த பந்து மதிலைத் தாண்டித் தெருவில் விழுந்தது. அக்கா கைகளைத் தூக்கினார். வலது கை உயரப் போனது. இடது கை நெஞ்சோடு நின்றுவிட்டது. ஒற்றைக் கையை விரித்துத் தூக்கினால் அதற்குப் பெயர் ‘பை’. பந்து மட்டையில் படவே இல்லை, அடித்தவர் கணக்கில் ரன் சேராது என்று பொருள். ஸ்கோரர் அப்படியே எழுதிவிட்டார்.

அடித்தவர் ஓடிவந்தார். “அக்கா, பந்து தெருவுல கிடக்கு. பேட்ல படவே இல்லன்னு எழுதுறாரு.”

ஸ்கோரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார். “நான் பந்தைப் பார்க்கிறவன் இல்ல. அம்பயர் கையைப் பார்க்கிறவன்.”

“இடது கைக்கு என்னக்கா?” என்று கேட்டார் பேங்க் பவுலர்.

“மார்புல கேன்சர். ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க. தோள் இறுகிக்கிச்சு.”

பவுலர் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தன் ஷூவைப் பார்த்தார்.

“நீ எதுக்குப்பா தலையைக் குனியிற? அந்தப் பந்தைப் போட்டதுக்கு வேணா குனி.”

அக்காவின் பக்கத்தில், ஓடக் காத்திருந்த இன்னொரு பேட்ஸ்மேன் நல்ல உயரம். “தம்பி, முதுகைக் காட்டி நில்லு. நீதான் சுவர்” என்றார் அக்கா. விரல்கள் முதுகில் ஏறத் தொடங்கின.

“கூசுதுக்கா.”

“சுவர் பேசக் கூடாது.”

விரல்கள் தோளைக் கடந்து ஹெல்மெட்டின் ஓரத்தைத் தொட்டன. அங்கிருந்து கையை இறக்காமல் எடுத்து, பல்லைக் கடித்தபடி வலது கையையும் தூக்கி நின்றார். ஸ்கோரர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். எழுதியதை அடித்துவிட்டு சிக்ஸர் என்று திருத்தினார். அன்று பேங்க் பவுலர் இன்னும் நிறைய சிக்ஸர் கொடுத்தார். சுவர் அவுட்டானபோது அடுத்து வந்தவர் சொல்லாமலே திரும்பி நின்றார்.

மறுநாள் பிசியோதெரபிஸ்ட் கையைத் தூக்கிப் பார்த்தாள். “கூடுதலா வருதே. வீட்டுல என்ன பண்ணீங்க?”

“வீட்டுல ஒண்ணும் இல்ல. பேங்க் பவுலிங் மோசம்.”

கதை முழுவதையும் கேட்டுவிட்டு, வீக்கம் இருக்கிறதா என்று கையை அழுத்திப் பார்த்தாள். “வீக்கம் இல்ல. ஆனா ஒரே நாள்ல இவ்வளவு வேண்டாம்.”

“அதை நீங்களே வந்து பவுலர்கிட்ட சொல்லுங்க” என்றார் அக்கா.

ஆட்டப் பருவம் முடிவதற்குள் முதுகுகளின் உதவி தேவைப்படாமல் போயிற்று. குளிர்ந்த காலைகளில் அக்குள் இன்னும் இழுக்கிறது. கை காதை ஒட்டி நிற்பதில்லை, சற்று முன்னால் சாய்ந்தே நிற்கிறது. அடுத்த பருவத்துக்குக் கிரிக்கெட் சங்கம் புதுக் கோட்டு தைத்துக் கொடுத்தது. இடது கை சிரமமில்லாமல் நுழைய அந்தப் பக்கம் தாராளமாகத் துணி விட்டிருந்தார்கள். அந்த அக்கறையில் வலது பக்கத்தை மறந்துவிட்டார்கள். அது இறுக்கிப் பிடிக்கிறது. அக்கா புகார் கொடுத்திருக்கிறார்.