கோடு இல்லாத அணில்

ஷார்ஜாவில் ஒரு மாலுக்குள்ள கனடா காடு செட் போடுறதுதான் இந்த வாரம் எங்க வேலை. ஃபைபர் கரடி, மான், முள்ளம்பன்றி எல்லாம் நேத்தே வெச்சாச்சு. கடைசியா ரெண்டு சின்ன பொம்மை மிச்சம். டிராயிங்ல படம் இல்லை. மரத்து மேல அணில், கீழே ஸ்கங்க்னு பேர் மட்டும் இருந்தது. ஸ்கங்க்னா என்னன்னு யாருக்கும் தெரியலை.

எங்க கார்பெண்டர் முருகேசண்ணன், அறந்தாங்கிக்காரர், யோசிக்கவே இல்லை. ஒரு பொம்மைக்கு முதுகுல வெள்ளைக் கோடு, புசுபுசு வால். அதைத் தூக்கிக் கிளையில மாட்டிட்டார். கோடே இல்லாத சாம்பல் பொம்மை புதரோரம் போச்சு.

இன்னைக்கு ஹேண்டோவர், வேலையை ஒப்படைக்கிற நாள். டிசைனர் மேடம் கனடாக்காரங்க. அவங்க கையெழுத்துப் போட்டாத்தான் நாளைக்கு எங்களுக்கு லீவு.

மேடம் நிமிர்ந்து பார்த்தாங்க. "அதுதான் ஸ்கங்க். மிரண்டா நாத்தத்தைப் பீய்ச்சும். அணில் இதோ கீழே இருக்கு."

"இதுல கோடு எங்க?"ன்னார் அண்ணன்.

ராமர் முதுகைத் தடவின கதையை எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "அவர் எங்க ஊர்ப் பக்கம் வரலையே"ன்னாங்க.

ரெண்டையும் இடம் மாத்தினோம். மேடம் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாங்க.

கலாஸ், வேலை முடிஞ்சது, கேம்ப்புக்குக் கிளம்பலாம்னு திரும்பினா, கிளையில சாம்பல் அணில் முதுகுல மூணு வெள்ளைக் கோடு. பக்கத்துல அண்ணன் விரல்ல ஒட்டின வெள்ளைப் புட்டிப் பசையைத் துடைச்சுக்கிட்டிருந்தார்.

எனக்கு அழிக்க மனசு வரலை. நாளைக்கு மால் பக்கம் போறவங்க நிமிர்ந்து பார்த்துட்டுச் சொல்லுங்க, இப்பத்தானே அது அணில் மாதிரி இருக்கு?