வானம் பார்த்த கோழிகள்

முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. சிட்லபாக்கத்து வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கும் கல்லை ஒட்டி, செவலைக் கோழி உட்கார்ந்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கழுத்து பின்னுக்கு வளைந்து, தலை முதுகைத் தொட்டு, அலகு நேரே மேலே நீண்டிருந்தது. மழை வருமா என்று பார்க்கிறதா என்று கிண்டல் செய்தேன். பக்கத்தில் நின்ற அக்கா சிரிக்கவில்லை. ஒரு பிடி அரிசியை அதன் முன்னால் போட்டாள். குனியப் பார்த்த கோழி பின்பக்கமாக உருண்டு விழுந்தது. எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. என் ஓரகத்தி, கணவரின் அண்ணன் மனைவி. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். குரலை இறக்கிப் பேசத் தெரியாது. நான் காலையில் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுகிற சம்பளக்காரி. அவள் இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்துச் சமைத்துப் போட்டு வீட்டைக் கட்டிக் காத்தவள். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனது என்று எழுதினால் என் கணவரே நம்பமாட்டார். அந்த வீட்டில் எதை வாங்குவது, எதை விற்பது, யார் எங்கே போவது என்று எதுவும் அக்காவைக் கேட்டு நடந்ததில்லை. நான்கு நாட்டுக்கோழிகள் மட்டும் அவளுடைய ஏற்பாடு. கூண்டு நாறுகிறது என்று நான் ஒருநாள் முனகியபோது அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“இந்த வூட்ல நான் கூப்ட்டா ஓடியாறது இதுங்க நாலுதான். இதுங்களையும் வுட்டுட சொல்றியா?”

அன்றிலிருந்து நாற்றத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டேன்.

செவலை விழுந்த மறுநாள் வெள்ளைக் கோழியும் வானம் பார்க்க ஆரம்பித்தது. மூன்றாவது கோழி குடித்தவனைப் போலத் தள்ளாடியது. வடக்கே எங்கேயோ பறவைக் காய்ச்சல் என்று தொலைக்காட்சியில் செத்த கோழிகளை அள்ளிக் கட்டிய சாக்குமூட்டைகளைக் காட்டிக்கொண்டிருந்த சமயம் அது. தெருவில் எல்லோரும் முட்டை வாங்குவதையே நிறுத்தியிருந்தார்கள். மதில் வழியே பார்த்த யாரோ சொல்லிவிட, குடியிருப்போர் சங்கச் செயலாளர் சாயங்காலமே வந்துவிட்டார். நல்ல மனிதர், ஓய்வு பெற்ற அதிகாரி, பயந்திருந்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைக்குள் கோழிகளை அப்புறப்படுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் பேரூராட்சிக்குச் சொல்லவேண்டி வரும் என்றார். அக்காவின் கணவர் உடனே சரி என்று தலையாட்டினார். செயலாளர் போனதும், கழுத்து திருகிவிட்டால் அது வெள்ளைக்கழிச்சல் நோய்தான், பிழைத்த கோழி கிடையாது, நான்கையும் குழிதோண்டிப் புதைத்துவிடலாம் என்று முடிவும் சொல்லிவிட்டார். வழக்கம்போல அக்காவைக் கேட்கவில்லை.

அக்கா அன்று சண்டை போடாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் காலை நான் ரயிலுக்குக் கிளம்பும்போது அவள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கோழிகள் வானத்தைப் பார்க்க, ஒன்று தள்ளாட, நான்காவதான கருப்பி மட்டும் குப்பைமேட்டைக் கிளறி ஏதோ கொத்திக்கொண்டிருந்தது. கருப்பி எல்லோரிடமும் கொத்து வாங்குகிற கோழி. தீனி போட்டால் மற்ற மூன்றும் தின்று முடிக்கும்வரை ஓரமாக நிற்கும். தலையில் பாதி இறகு கிடையாது.

“நோவுன்னா இளைச்சவளைத்தானே மொதல்ல புடிக்கும்? இவ இன்னாத்துக்கு நல்லா நின்னுகினு கீறா?”

என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. தன்னையே கேட்டுக்கொண்டாள். நான் கைப்பையை மாட்டிக்கொண்டு நின்றேன். அக்கா விரல் விட்டு எண்ணினாள். ஒரே கூண்டு. ஒரே தண்ணீர். ஒரே அரிசி. மூன்று கோழிகளுக்குக் கிடைத்து, கருப்பிக்கு மட்டும் கிடைக்காதது என்ன? சட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போய், குளிர்பெட்டியிலிருந்து ஒரு தூக்குவாளியை எடுத்துவந்து என் முகத்துக்கு நேரே திறந்தாள். நெத்திலித் தலையும் குடலும்.

அவள் கணவருக்குக் கேளம்பாக்கத்தில் வேலை. கோவளத்தில் நெத்திலி மலிந்து கிடந்த மாதம் அது. இரண்டு நாளைக்கு ஒருமுறை பை நிறைய வாங்கிவந்துவிடுவார். தலையும் குடலும் அப்படியே பச்சையாகக் கோழிகளுக்குப் போகும். அந்த மூன்றும் அதற்காக ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடும். கருப்பிக்கு ஒரு தலைகூடக் கிடைத்ததில்லை. மீன்தான் காரணம் என்று அக்கா அடித்துச் சொன்னாள். அந்த நிமிடம் எனக்கும் அதில் சந்தேகம் இல்லாமல் போயிற்று. அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை வெளியே எடுத்தேன்.

செவலையை ஒயர்கூடையில் வைத்து, கூடையை மடியில் வைத்து அக்கா பின்னால் உட்கார்ந்தாள். தாம்பரம் சிக்னலில் கூடைக்கு மேலே ஓர் அலகு வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டவர்கள் மெல்ல வண்டியை நகர்த்திக்கொண்டார்கள். அந்த நெரிசலில் எங்களுக்கு மட்டும் தாராளமாக இடம் கிடைத்தது. அக்கா ராணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

கால்நடை மருத்துவரும் கழுத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். சொட்டு மருந்து போட்டீர்களா, தும்முகிறதா, எச்சம் பச்சையாக வெள்ளையாகப் போகிறதா என்று வரிசையாகக் கேட்டார். மருந்து போட்டாயிற்று, தும்மல் இல்லை, எச்சம் எப்போதும்போலத்தான் என்று அக்கா சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. பிறகு கருப்பியின் கதையைச் சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். சில வகை மீன்களைப் பச்சையாகத் தின்றுகொண்டே இருந்தால், உடம்பிலுள்ள பி ஒன்று என்கிற வைட்டமினை அது அழித்துவிடும், நரம்பு தளர்ந்து கழுத்து இப்படிப் பின்னால் இழுத்துக்கொள்ளும், வெறும் அரிசியில் அந்தச் சத்தும் அதிகம் இல்லை என்று விளக்கினார். வேகவைத்தால் மீனிலுள்ள அந்தக் கெடுதல் போய்விடுமாம். செவலைக்கு ஓர் ஊசி போட்டார். மற்ற இரண்டுக்கும் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து ஊட்டச் சொன்னார். இவ்வளவு கவனமாகப் பார்த்துச் சொல்கிறவர்கள் கிடைத்தால் தன் வேலை பாதியாகிவிடும் என்று அவர் சொன்னதை, அக்கா வீடு வந்து சேரும்வரை என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மத்தியானம் செவலை கண்ணை மூடிக் கிடந்தது. அக்கா சாப்பிடவில்லை. சாயங்காலம் பால் பாக்கெட்டை வெட்டிக்கொண்டிருந்தவள் கத்திய கத்தலில் நான் மாடியிலிருந்து செருப்பில்லாமல் ஓடிவந்தேன். செவலையின் தலை முதுகை விட்டு இறங்கியிருந்தது. கழுத்து ஆடியது, தடுமாறியது, ஆனாலும் குனிந்து ஓர் அரிசியைக் கொத்திவிட்டது. நான் அக்காவைக் கட்டிக்கொண்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. அன்று எனக்கு வந்த சந்தோஷம் பிறகு பதவி உயர்வு வந்தபோதுகூட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை செயலாளர் வந்தபோது நான்கு கோழிகளும் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. அக்கா அவரை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, நெத்திலியிலிருந்து நரம்பு வரைக்கும் ஒன்று விடாமல் விளக்கினாள். பாவம், மனிதர் சுத்த சைவம். பேரூராட்சிக்குச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை என்று அவராகவே சொல்லிவிட்டுத் தப்பித்தார்.

கோழிக்கூண்டு இருந்த இடத்தில் இன்று கார் நிற்கிறது. நாங்களும் தனித்தனியே பிரிந்து, அக்கா குடும்பம் மாடம்பாக்கத்துக்குப் போய்விட்டது. ஆனால் அந்த ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டை நான் மறக்கவில்லை. சம்பாதிக்கிறவர்கள் முதலில் சாப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். அதில் நானும் சேர்த்தி. அக்கா பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும்போது சட்டியில் குழம்புதான் இருக்கும், மீன் இருக்காது. அன்று நெத்திலி இல்லை, பெரிய மீன் குழம்பு; வழக்கம்போல நாங்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். டாக்டருக்கே தெரியாதது உனக்கு எப்படித் தெரிந்தது என்று அவள் கணவர் பெருமையாகக் கேட்டார்.

“போட்றவளுக்குத் தெரியாதா, யாருக்கு மீனு போச்சு, யாருக்குப் போவலன்னு?” என்றாள் அக்கா. கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள். “என் கழுத்தும் நேராதான் கீது, பாருங்க.”

அவள் கணவர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார். அக்கா உள்ளே போய் ஒரு தட்டை எடுத்துவந்து, எனக்கும் அவருக்கும் நடுவில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள். சட்டியைத் தன் பக்கம் இழுத்து, இருப்பதிலேயே பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துப் போட்டுக்கொண்டாள்.