ஈரம் பார்க்கும் சவுரியம்மாள்

சவுரியம்மாள் வாணலியில் வறுப்பது ஜவ்வரிசி அல்ல, பார்க்கத்தான் அப்படி. ஷூ டப்பாவுக்குள் ‘தின்னக் கூடாது’ என்று எழுதிய சின்னப் பொட்டலம் கிடக்குமே, அதிலிருக்கும் மணிகள். ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும், வறுத்தால் மறுபடி நீலமாகும். நீலம் திரும்பியதும் பழைய சாக்ஸில் கொட்டி முடிச்சுப் போட்டு, வீட்டுக்குப் பின்னாலிருக்கும் கொட்டகையில் பலகைகளுக்கு நடுவே தொங்கவிடுவார். வேறு யாரும் அந்த வாணலியில் சமைத்துவிடாதபடி அதன் காதில் சிவப்பு பெயின்ட் அடித்திருக்கிறார்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர். பேக்கிங்கில் பாதிக் காலம், தோலில் ஈரம் சோதிப்பதில் மீதிக் காலம். ஆர்டர் கம்மி என்று ஆளைக் குறைத்தபோது வெளியே வந்தார். மரப்பெட்டி அடிப்பவர்களிடம் பார்த்ததும் செல்போனில் பார்த்ததும் சேர்ந்து இப்போது கதவு செய்கிறார். வீணான பொட்டலங்களைக் கம்பெனியிலிருந்து கொடுத்தனுப்புபவர் பழைய சூப்பர்வைசர் அதாவுல்லா பாய்.

ஐப்பசி பிறந்தால் கொட்டகைச் சுவர் வியர்க்கும். பக்கத்து வீட்டார் அதைக் காத்துக் கருப்பு என்கிறார்கள். தோல் பதனிடும் தொட்டிகளின் உப்பு எத்தனையோ வருடமாக அந்த மண்ணில் இறங்கிக் கிடக்கிறது, உப்பு ஈரத்தை இழுக்கிறது, அவ்வளவுதான். உப்பை இறக்கியவர்கள் கேன் தண்ணீர் குடிக்கிறார்கள். கருப்பு என்னவோ இவர் வீட்டுச் சுவரோடு நின்றுவிட்டது.

இரண்டு ஊசி முனை கொண்ட ஈரமானி ஒன்றை எப்போதும் இடுப்பில் செருகியிருப்பார். கண்ணில் பட்ட மரத்தையெல்லாம் குத்திப் பார்ப்பார். போன மழைக்குச் சர்ச்சில் புனிதர் ஒருவரின் மரச் சுரூபம் கண்ணீர் விடுகிறது என்று கூட்டம் கூடியபோது, முதுகுப்பக்கம் போய்க் குத்தினார். ஈரம் இருபத்திரண்டு சதவீதம்; காய்ந்த மரத்தில் பன்னிரண்டுதான் இருக்கும். “அவரு அழுவல ஃபாதர், மேல ஓடு ஒழுகுது.” ஓட்டை மாற்றினார்கள். கண்ணீர் நின்றது, கூட்டமும் நின்றது.

கார்த்திகையில்தான் அந்தப் பூஜையறைக் கதவு வம்பு. சத்துவாச்சாரியில் பஞ்சாட்சரம் என்பவர் வீட்டுக்குச் செய்து மாட்டிய தேக்குக் கதவு, மூன்றே வாரத்தில் அடியில் வீங்கிச் சட்டத்தில் இடித்தது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பொறியாளர். எனவே வாஸ்துக்காரரைக் கூப்பிட்டார். கதவு செய்தது யார், எந்தத் தெரு, முன்பு என்ன வேலை என்று விசாரித்த வாஸ்துக்காரர், தோலைத் தொட்ட கை செய்த கதவு சாமி ரூமில் நிற்காது என்று தீர்ப்புச் சொன்னார். சொன்னபோது இருவரும் உட்கார்ந்திருந்தது மாட்டுத்தோல் சோபாவில்.

அதே தெருவில் எழும்பிக்கொண்டிருந்த ஆறு வீடுகளுக்கும் சவுரியம்மாள் கதவுதான் என்று பேச்சு. பஞ்சாட்சரம் வாயைத் திறந்தால் ஆறும் போய்விடும்.

சவுரியம்மாள் போய்க் குத்திப் பார்த்தார். மேலே பன்னிரண்டு, நடுவில் பன்னிரண்டு, அடியில் இருபத்துநான்கு. தரையோடு கன்னம் வைத்துப் பார்த்தால், தான் வார்னிஷ் அடித்த அடிப்பக்கம் வெறும் மரமாக இருந்தது. கேட்டதற்குப் பஞ்சாட்சரம் மெல்ல ஒப்புக்கொண்டார்: கதவு மாட்டிய கையோடு வாஸ்துப்படி புதிதாகக் கிரானைட் படி வைத்தார்கள், கதவு தட்டியது, வேறொரு ஆளை விட்டு அடியில் இழைத்தார்கள். அந்தப் படியைத்தான் வெள்ளிதோறும் கழுவுகிறார்கள்.

“ஆறு பக்கமும் வார்னிஷால மூடித்தான் குடுத்தேன் சார். நீங்க இழைச்சு அதுக்கு வாயைத் தொறந்துட்டு, வாராவாரம் மஞ்சத்தண்ணியும் ஊத்துறீங்க. குடிக்குது.”

“நீ சொல்றது லாஜிக்காத்தான் இருக்குதும்மா. மனசுக்குத்தான் ஒப்பல.”

“மனசுல குத்திப் பாக்க எங்கிட்ட ஊசி இல்ல சார். கதவைப் பத்து நாள் குடுங்க.”

அடைமழையில் எந்த மரம் காயப்போகிறது என்ற நம்பிக்கையில் அவர் சம்மதித்தார். கதவு திரும்பி வந்தும் இடித்தால் ஆறு வீட்டுக் கதவையும் சவுரியம்மாள் மறந்துவிட வேண்டும் என்றார். கணவர் ஜான்சன் தன் குட்டியானை வண்டியில் கதவைத் தார்ப்பாய் சுற்றி ஏற்றிக்கொண்டு வந்தார்.

கொட்டகைக்குள் பிளாஸ்டிக் கூடாரம், அதற்குள் கதவு, சுற்றிலும் சாக்ஸ் மூட்டைகள். காலையும் மாலையும் வாணலி. இருபத்தொன்று, பதினெட்டு, பதினைந்து என்று இறங்கியது, ஏழாம் நாள் பதினேழுக்கு ஏறியது. தேடினால், கூடாரத்துக்குள் ஜான்சனின் நனைந்த மழைக்கோட்டு காய்ந்துகொண்டிருந்தது. “இன்னாய்யா, நான் ஈரத்தை வெளிய தொரத்தினு இருக்கிறேன், நீ கூட்டினு வந்து உள்ள வுடுற?” அன்று ஜான்சன் கோட்டோடு தெருவில் நின்றார். பத்தாம் நாள் பன்னிரண்டு. அடியில் மூன்று கை வார்னிஷ்.

மாட்டிய அன்று, சட்டத்தில் எங்கே இடிக்கிறது என்று காட்டுவதற்காகவே பஞ்சாட்சரம் பூஜையறைக்குள் போய் நின்றுகொண்டார். சவுரியம்மாள் ஒற்றை விரலால் தள்ளினார். கதவு எங்கும் உரசாமல் போய் மூடிக்கொண்டது.

வாஸ்துக்காரர் வந்துபோன நாளிலிருந்து பஞ்சாட்சரம் அந்தக் கதவைத் தோள் துண்டைச் சுற்றித்தான் பிடிப்பாராம். இப்போது துண்டு சோபாவில் கிடந்தது. வெறும் கையை வைத்துத் தள்ளினால்தான் வெளியே வரலாம்.

“அம்மா” என்றார் உள்ளிருந்து, தணிந்த குரலில்.

ஜான்சன் திறந்துவிடக் கை நீட்டினார். சவுரியம்மாள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கதவையே பார்த்தபடி நின்றார்.